நிற்கிற வண்டி வேண்டும்

பனியில் எந்தக் கார் நன்றாக ஓடும் என்பது சேலையூரில் எல்லோருக்கும் தெரியும். பனியைப் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கைக்குப் பனிக்குத் தோதான கார் ஒன்று பார்த்துக் கொடுக்கப் போகிறேன் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், காம்ப் ரோடு முழுக்க ஆலோசகர்கள் முளைத்துவிட்டார்கள்.

நான் பத்மா. காம்ப் ரோட்டில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வெள்ளை வண்டி, கூரையில் சிவப்பு ‘எல்’ பலகை, இடது பக்கம் எனக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். என் வீட்டுக்காரர் சேகர் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறார். அதாவது, போனை எடுத்து ‘மேடம் கிளாஸ்ல இருக்காங்க’ என்று சொல்கிறார். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை தைரியமாகக் கார் ஓட்டும் பெண்களில் நிறையப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை.

தங்கை ஹேமா என்னைவிட ரொம்பச் சின்னவள். கல்யாணமாகி மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனாள். விசா விதியால் வேலைக்குப் போக முடியாமல் வருஷக்கணக்கில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக அனுமதி கிடைத்து, படித்த படிப்புக்கேற்ப ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, ஒரு சிக்னலில் பிரேக் போட்டபோது கார் வழுக்கி, அரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்துப் போய் நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து பனி விழுந்தால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் ரோசா என்ற பெண்மணிதான் அவளைத் தினமும் தன் காரில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அவர் புத்தாண்டு முடிந்ததும் வேறு ஊருக்குக் குடிபோகிறார். ஹேமாவின் கணவன் முரளியையும் கம்பெனி வேறு நகரத்துக்கு அனுப்பிவிட்டது. வீட்டிலிருந்த ஒரே காரும் அவனோடு போய்விட்டது. அந்த ஊரில் பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது. கார் ஓட்டினால் வேலை, இல்லாவிட்டால் மறுபடியும் ஜன்னல்.

“அக்கா, பேசாம ரிசைன் பண்ணிடலாம்னு இருக்கேன்” என்று அவள் போனில் சொன்ன அன்றே நான் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் எங்கள் வண்டியைச் சர்வீஸுக்கு விட ராஜகீழ்ப்பாக்கத்தில் மெக்கானிக் குமாரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாக்கா, பனின்னா இன்னா? உறைஞ்சு போன தண்ணிதான? முடிச்சூர்ல முட்டிக்கு மேல தண்ணி நிக்கச் சொல்லோ நாம ஓட்டிகினு வரல? அதே மேட்டர்தான்க்கா. வண்டி நல்லா ஹைட்டா இருக்கணும். ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுகினு ஆக்ஸிலேட்டர்ல வச்ச காலை எடுக்கவே கூடாது. எடுத்தியா, சைலன்சர்ல தண்ணி பூந்துகினு வண்டி நின்னுடும். நின்னா பேஜாராப் பூடும்.”

இதை நான் சிரித்துக்கொண்டே எழுதினாலும் அன்றைக்குப் பயபக்தியோடு தலையாட்டினேன். ஏனென்றால் ஒவ்வொரு மழைக்கும் என் மாணவிகளுக்கு நானே சொல்கிற பாடம் அது. எதிர்வீட்டு வங்கி அதிகாரி தன் பங்குக்கு, “கலர் வெள்ளையா எடுங்க மேடம், அழுக்கும் தெரியாது, விக்கும்போதும் நல்லா போகும்” என்றார். வெள்ளையில் அழுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நான் கேட்கவில்லை. சேகர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “மைலேஜ் கேட்டுக்க.”

விசா, டிக்கெட் கதைகளைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. விமான நிலையத்துக்கு வெளியே கண்ணாடிக் கதவு திறந்ததும் என் மூக்குக்குள் இருந்த முடியெல்லாம் விறைத்து நின்றது. இப்படி ஒரு முடி அங்கே இருக்கிறது என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். ஹேமா ஓடிவந்து ஒரு மெத்தை போன்ற கோட்டை என்மேல் போட்டு, கழுத்துவரை இழுத்துப் பூட்டினாள். கைகளை இறக்க முடியாமல் நான் அப்படியே நடந்து போனேன்.

ரோசாதான் காரோடு வந்திருந்தார். பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர், நம்மைப் போலவே வெயிலும் கடலும் பார்த்து வளர்ந்தவர், எதற்கெடுத்தாலும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பவர். என்னை மரியாதையாக முன்சீட்டில் உட்காரச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. அந்த நாட்டில் வலது பக்கம் உட்காருகிறவர் ஓட்டுவதில்லை. நம் ஊரில் ஓட்டுநர் உட்காரும் இடத்தில், எதிரில் ஸ்டியரிங் இல்லாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். கார் வெள்ளை வெளேரென்ற சாலையில் போகிறது. முன்னால் ஒரு லாரி. என் கால் தன்னால் போய்த் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக் அங்கே இல்லை. மறுபடியும் மிதித்தது. இத்தனை வருஷப் பழக்கம், சொன்னால் கேட்குமா?

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரோசா ஹேமாவிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். ஹேமா பின்சீட்டிலிருந்து மொழிபெயர்த்தாள்: “அக்கா, உனக்குக் கால்ல ஏதாவது வலிப்பு வருதான்னு கேக்கறாங்க. கார் தரை ஓட்டையாயிடுமோன்னு பயமா இருக்காம்.”

மறுநாள் வெளியே காலை வைக்க முடியாதபடி பனி கொட்டியது. ஹேமாவுக்கு விடுமுறை. குளிர்பெட்டியைத் திறந்தால் ஐஸ்கிரீம் டப்பாக்களில் சாம்பார் செங்கல் செங்கலாக இருந்தது. அதில் எது ரசம், எது புளிக்குழம்பு என்பது உருகிய பிறகுதான் அவளுக்கே தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொண்டுபோயிருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்து, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். தாளித்த மறுநிமிஷம் கூரையில் ஏதோ வீலென்று அலறியது. புகை வந்தால் கத்தும் கருவியாம். ஹேமா நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிற, நான் ஜன்னலைத் திறக்க, மினசோட்டாவின் குளிர் முழுக்க அடுக்களைக்குள் வந்துவிட்டது. இருந்தாலும் அவள் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள். அடுக்களைக் கதவில் மாட்டியிருந்த என் கோட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாள் பழைய கார்கள் விற்கும் இடத்தில் ரோசா எங்களை இறக்கிவிட்டுப் போனார். விற்பவர் பெயர் டேவ். நல்ல உயரம், வெள்ளை மீசை, கூடவே செம்பட்டை நிறத்தில் ஒரு பெரிய நாய். அந்த நாய் என்னைப் பார்த்ததும் மூக்கைத் தூக்கியது, எழுந்து வந்தது, என் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் அதுவும் வந்தது. “இவன் யாரிடமும் இப்படிப் பழகமாட்டான். உங்களிடம் ஏதோ இருக்கிறது” என்று டேவ் வியந்தார். நெத்திலி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் என் வழக்கப்படி வேலையை ஆரம்பித்தேன். டயரைக் காலால் உதைத்தேன். பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை இழுத்து, விரலில் தடவி மோந்து பார்த்தேன். கதவைத் திறந்து சாத்தி, சத்தத்தைக் கேட்டேன். “மைலேஜ் என்ன கொடுக்கும்?” என்றேன். டேவ் சொன்ன கணக்கு ஏதோ மைலிலும் கேலனிலும் இருந்தது. புரிந்த மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். நம் ஊரில் உதட்டைப் பிதுக்கினால் விலை இறங்கும். டேவ் எனக்குப் பல்வலியோ என்று பார்த்தார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கறுப்பு நிறம், ஜீப் மாதிரி உடம்பு, என் இடுப்புக்கு வரும் சக்கரம், நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகுமாம். ஏறுவதற்குப் படிக்கட்டு வைத்திருந்தார்கள். முடிச்சூர் ரோட்டில் ஐப்பசி மழையில் இது போனால் பஸ்ஸே ஒதுங்கி வழிவிடும். எனக்கு அந்த இடத்திலேயே மனசு விழுந்துவிட்டது.

“இதுதான்டி உன் வண்டி” என்றேன்.

“எனக்கு பானெட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியல அக்கா” என்றாள் ஹேமா.

“ஓட்ட ஓட்டத் தெரியும். ஏறு.”

டேவ் சாவியைக் கொடுத்தார். பக்கத்தில் மூடிப்போன ஒரு பெரிய கடையின் பின்புறம், வண்டிகள் நிறுத்தும் மைதானம் பனி மூடிக் கிடந்தது. அங்கே போய் ஓட்டிப் பாருங்கள் என்றார். ஹேமா ஆமை மாதிரி ஊர்ந்து அதுவரை கொண்டுவந்து சேர்த்தாள். மைதானத்துக்குள் நுழைந்ததும் நான் சேலையூர் பத்மா மேடமாக மாறிவிட்டேன்.

“காலை எடுக்காதே! ஒரே சீரா அழுத்து! அழுத்துடி!”

அழுத்தினாள். வண்டி ஒரு உறுமல் உறுமி, பனியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. நான் கைதட்டினேன். “பாத்தியா, பாத்தியா!” என்றேன். மைதானத்தின் ஓரத்தில் பனியை வாரிக் குவித்து வைத்த மேடு ஒன்று இருந்தது. அது எங்களை நோக்கி வரத் தொடங்கியதும் ஹேமா பிரேக்கை மிதித்தாள். நானும் என் பக்கத்துத் தரையை மிதித்தேன். வண்டி இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல், அவசரப்படாமல், சிவனே என்று போய் அந்த மேட்டில் மூக்கைச் சொருகிக்கொண்டு நின்றது. அடி ஒன்றும் இல்லை. நான் விடுவேனா? “ரிவர்ஸ் போட்டு அழுத்து, காலை எடுக்காதே!” என்றேன். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி, பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி, தங்களுக்கான குழியைத் தாங்களே தோண்டிக்கொண்டன.

ஹேமா இன்ஜினை நிறுத்தினாள். கதவைத் திறந்து குதித்தாள். கொஞ்ச தூரம் நடந்துபோய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நானும் இறங்கி வழுக்கி வழுக்கி அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

“ஏண்டி, வண்டி எவ்வளவு ஜோரா கிளம்புச்சு! இன்னும் என்ன பயம் உனக்கு?”

அவள் திரும்பினாள். அழுதிருந்தாள். “கிளம்புறதுக்கு யாரு அக்கா பயந்தா? முரளியும் வண்டி போகுமான்னுதான் கேக்குறார். நீயும் அதையேதான் சொல்ற. வண்டி போகும், அது எனக்குத் தெரியும். நான் நிறுத்தணும்னு நினைக்கும்போது அது நிக்காது. அன்னிக்கு அந்த சிக்னல்ல குறுக்க ஒரு பொண்ணு குழந்தைத் தள்ளுவண்டியோட போயிட்டிருந்தா அக்கா. என் கார் சுத்தினதால அவ தப்பிச்சா. இதை நான் யார்கிட்டயும் சொல்லல.”

அந்தக் குளிரில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு மெத்தைகள் கட்டிக்கொண்ட மாதிரி இருந்திருக்கும். எங்கள் ஊர்ப் பயம், வண்டி நின்றுவிடுமோ என்பது. தண்ணீருக்கு நடுவில் நின்றால் தொலைந்தோம். அதனால்தான் காலை எடுக்காதே, காலை எடுக்காதே என்கிறோம். அந்த ஊர்ப் பயம் வண்டி நிற்காமல் போய்விடுமோ என்பது. நான் சேலையூர்ப் பயத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துவந்து, கருவாட்டோடு சேர்த்து அவளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். உனக்கு எது பயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

போன் பண்ணியதும் டேவ் மண்வெட்டியோடு வந்தார், நாயும் வந்தது. சக்கரங்களுக்கு அடியில் ஒரு பையிலிருந்து சாம்பல் நிற மண்ணைத் தூவினார். வீட்டுப் பூனைகள் ஒதுங்குவதற்கென்று கடையில் விற்கிற மண்ணாம் அது. வண்டி சமர்த்தாக வெளியே வந்தது. “நன்றாகக் கிளம்புகிற வண்டி” என்றார் டேவ் நம்பிக்கை குறையாமல். “கிளம்புகிற வண்டி வேண்டாம், நிற்கிற வண்டி வேண்டும் என்று சொல்லு” என்றேன் ஹேமாவிடம். அவள் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றார்.

சாயங்காலம் ரோசா கருவாட்டுக் குழம்பு சாப்பிட வந்தார். வாசனை படியிலேயே தெரிந்துவிட்டதாம், அவர்கள் ஊரிலும் இது உண்டாம். இரண்டு தட்டு சாப்பிட்டு முடித்ததும் நான் கேட்டேன்: “உங்கள் கார் சின்னது, பழசு. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற ரகமும் இல்லை. ஆனால் நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நிற்கிறதே, எப்படி?”

ரோசா எங்களைக் கீழே அழைத்துப்போய் டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். அந்தக் குளிரிலும் ரப்பர் மெத்தென்று இருந்தது. மேல்பரப்பில் பிளேடால் கீறியது போல நெருக்கமாகக் கோடுகள். குளிர்காலத்துக்கென்றே தனி டயராம். சாதாரண டயர் அந்தக் குளிரில் கட்டை மாதிரி இறுகிவிடுமாம். பக்கத்தில் நின்றிருந்த வேறொரு காரின் டயரையும் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே கட்டைதான். முரளி எடுத்துப்போன காரிலும் சாதாரண டயர்தான் என்றாள் ஹேமா. அவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்கவில்லை. மொட்டை டயரில் தீபாவளி வரை ஓட்டலாமா, பொங்கல் வரை ஓட்டலாமா என்று விவாதிக்கிற ஊரிலிருந்து போனவர்கள், வேறு எப்படி இருப்பார்கள்?

மறுநாள் ஞாயிறு. ரோசா தன் காரைக் கொடுத்தார். அதே மைதானம். சேலையூரில் நான் செங்கல் அடுக்கி ரிவர்ஸ் பழக்குவேன். இங்கே செங்கலுக்கு எங்கே போக? ஹேமா வீட்டில் சேர்ந்திருந்த காலி பால் கேன்களில் தண்ணீர் ஊற்றி, வெளியே வைத்து உறையவிட்டு, வரிசையாக நட்டுவைத்தேன். அன்றைக்குப் பாடம் ஒன்றே ஒன்று: நிறுத்துவது. எங்கேயும் போக வேண்டாம், திரும்ப வேண்டாம். கொஞ்சம் போ, நிறுத்து. எந்தக் கேனுக்கு நேராக நின்றாய், பார். மறுபடியும் போ, நிறுத்து.

முதலில் நானே உட்கார்ந்து காட்டலாம் என்று ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். அங்கே கார்களில் கிளட்ச் கிடையாது. இடது கால் வேலையில்லாமல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. வேகம் எடுத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். காலுக்கடியில் பிரேக் கடகடகடவென்று உதறி என் பாதத்தைத் திருப்பி உதைத்தது. “ஐயோ, என்னமோ உடைஞ்சு போச்சுடி!” என்று அலறிக் காலை எடுத்துவிட்டேன். கார் கேன் வரிசை முழுவதையும் கடந்துபோய் நின்றது.

ஹேமா சிரித்தாள். நான் வந்த பிறகு அப்படி அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அதேதான் அக்கா! அன்னிக்கு எனக்கும் அதேதான்! பிரேக் உடைஞ்சிடுச்சுன்னு நினைச்சுக் காலை எடுத்துட்டேன்!”

தூரத்தில் நின்றிருந்த ரோசா ஓடிவந்து விளக்கினார். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, பிரேக்கே விட்டுவிட்டுப் பிடிக்கிறதாம். அந்த உதறல்தான் அது. பயந்து காலை எடுக்கக் கூடாதாம், அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். என் வெள்ளை வண்டியில் அந்த வசதியெல்லாம் ஏது? நாங்கள் அக்கா தங்கை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் இந்த ஊரிலும் காலை எடுக்கக் கூடாதுதான், வேறு பெடலில்.

அதன்பிறகு ஹேமா உட்கார்ந்தாள். நான் காரில் ஏறவில்லை. ஏறினால் வாய் சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும். வெளியே கேன்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். போனாள், நிறுத்தினாள். முதலில் கடைசிக் கேனைத் தாண்டி, அப்புறம் கடைசிக் கேன், அப்புறம் அதற்கு முந்தியது. காது மடல் எரிந்தது, கால் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ‘இன்னும் முன்னாடியே அழுத்துடி’ என்று நாக்கு நுனிவரை வந்ததை ஒவ்வொரு தடவையும் விழுங்கினேன். கற்றுக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு கஷ்டமான வகுப்பை நான் எடுத்ததில்லை. கடைசியில் அவள் கண்ணாடியை இறக்கி, “அக்கா, இப்ப நடுக் கேன்ல நிறுத்துறேன், பாரு” என்றாள். சொன்னபடியே நிறுத்தினாள்.

வண்டி வாங்கப் போனபோது நான் டயரை உதைக்கவில்லை, நாயைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு பின்னால் நின்றேன். ஹேமாதான் பேசினாள். எந்த வண்டியில் அந்தக் கடகட பிரேக் உண்டு, எதற்குக் குளிர்கால டயர் உடனே கிடைக்கும், சீட்டை எவ்வளவு உயர்த்தலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் அவள் கைவைத்தது, தாழ்வாக, சாதாரணமாக இருந்த ஒரு மஞ்சள் கார்மேல்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “ஆட்டோ கலர்டி அது! பக்கத்துலயே வெள்ளை நிக்குது பாரு.”

“வெள்ளைக் கார் பனியில தெரியாது அக்கா. என்னால நிறுத்த முடியுதோ இல்லையோ, எதிர்ல வர்றவன் என்னைப் பாத்து நிறுத்துவான் இல்ல?”

எதிர்வீட்டு வங்கி அதிகாரியை நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன். மஞ்சள் காருக்கு நான்கு மெத்தென்ற டயர்கள் மாட்டினார்கள்.

பூஜை போடாமல் எடுக்க என் மனசு ஒப்பவில்லை. கடையில் வாங்கி வைத்திருந்த நான்கு எலுமிச்சம்பழத்தையும் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். நான் சூடம் ஏற்ற, காற்று அணைக்க, நான் ஏற்ற, ஒரு கட்டத்தில் டேவ் தன் தொப்பியைக் கழற்றி அணைகட்டினார். “இது இன்ஷூரன்ஸ் மாதிரியா?” என்று கேட்டார். “அதைவிட மலிவு” என்றாள் ஹேமா. அதற்குள் பழங்கள் விறைத்துக் கல்லாகியிருந்தன. அவள் காரை நகர்த்தியபோது ஒன்றுதான் நசுங்கியது. இரண்டு வழுக்கி வெளியே தெறித்தன. நான்காவதை நாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. நான் கலங்கி நிற்பதைப் பார்த்து ஹேமா, “ஒண்ணு போதும் அக்கா, விடு” என்றாள்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவள் என்னைக் கடைக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துப் போனாள். சிற்றுண்டிச்சாலையில் பான்கேக் என்று ஒன்று கொடுத்தார்கள், கல்தோசைமேல் யாரோ பாகைக் கொட்டிவிட்டாற்போல இருந்தது. ஆனால் வானம் எங்களை ஏமாற்றியது. ஒரு பொட்டுப் பனி புதிதாக விழவில்லை. சாலைகளெல்லாம் உப்புத் தூவிக் காய்ந்து கிடந்தன. காய்ந்த சாலையில் ஓட்டுவது ஒரு பெரிய விஷயமா? நான் பக்கத்தில் இல்லாமல், பனியில், தனியாக அவள் போவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியவே இல்லை. முரளி வந்து என்னை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனான். வாசலில் ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பனி விழுந்தா என்ன பண்ணுவேன்னு இப்ப சொல்ல முடியல அக்கா. அன்னிக்குத்தான் தெரியும்” என்றாள்.

சேலையூர் திரும்பியதும் எல்லோரும் விசாரித்தார்கள். வாங்கியது தாழ்வான கார் என்றதும் குமாருக்கு முகம் விழுந்துவிட்டது. “போச்சுக்கா, பேஜார்தான்” என்றார். மஞ்சள் என்றதும் வங்கி அதிகாரி பேச்சை மாற்றினார். மைலேஜ் எவ்வளவு என்று சேகர் கேட்டார், எனக்கு ஞாபகம் இல்லை. பொங்கல் வந்தது. ரோசா ஊரைவிட்டுப் போய்விட்டதாக ஹேமா சொன்னாள். தினமும் வேலைக்குப் போகிறேன், சாலை காய்ந்திருக்கிறது என்றும் சொன்னாள். அந்த ஊரில் பனி எப்போது விழும் என்று சேகரை விட்டு இன்டர்நெட் சென்டரில் பார்க்கச் சொன்னேன். இந்த வாரம் விழலாம் என்று வந்து சொன்னார். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் போனைப் பையில் போட்டுவிடும் நான், மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் விஜயா டீச்சருக்கு வகுப்பு. ஓய்வுபெறப் போகிற கணக்கு டீச்சர், இரண்டாவது கியருக்கு மேல் போகமாட்டேன் என்று சபதம் எடுத்தவர். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பை அன்றுதான் முதல்முறையாகத் தாண்டினார். ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் ஷேர் ஆட்டோ, நடுவில் எருமை மாடு. தாண்டி முடித்து அவர் மூச்சுவிடவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அமெரிக்க நம்பர். அங்கே விடிகாலை.

“அக்கா” என்றாள் ஹேமா. பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பேசும் சத்தம். “ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். நேத்து சாயந்திரத்துல இருந்து ஒரே பனி. கொட்டித் தள்ளிருச்சு. வழியில ஒரு லாரி திடீர்னு குறுக்க நின்னுடுச்சு அக்கா.”

“அப்புறம்?” என்றேன்.

“அழுத்தினேன். கடகடன்னு உதறுச்சு. காலை எடுக்கல. நின்னுட்டேன்.”

“எவ்வளவு தூரத்துலடி?”

“நடுவுல இன்னொரு கார் நிறுத்தலாம். அக்கா, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்.”

வைத்துவிட்டாள். எனக்கு முன்னால் சாலை கலங்கித் தெரிந்தது. “டீச்சர், வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்றேன். அவர் பதறி, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஒரு இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் மெதுவாக ஒதுக்கி நிறுத்தினார். நான் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். இளநீர்க்காரர் எட்டிப் பார்த்தார். டீச்சர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மேடம்” என்றார் கடைசியில், அழாத குறையாக. “நான் சரியாத்தானே நிறுத்தினேன்?”

“ரொம்ப சரியா நிறுத்தினீங்க டீச்சர்” என்றேன்.